நம் சுமை யார் தோளில்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



குறைந்த சுமையோடு பயணம் செய்வதும், எளிமையாக வாழ்வதும் பற்றிச் சில வார்த்தைகளை உங்கள் சிந்தனைக்கு முன்வைக்க விரும்புகின்றேன். இந்தத் தலைப்பைக் கேட்டவுடன், “இது துறவிகளுக்குரிய பேச்சு, பிள்ளை குட்டிகளோடு வாழும் எங்களுக்கு ஏன்?” என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. பெண்மக்களைப் பெற்ற தந்தையருக்கும், திருமணத்தை எதிர்நோக்கியிருக்கும் இளைஞர்களுக்குமே இது முதலில் சொல்லப்பட வேண்டிய விடயமாகும்.

மூதூரிலிருந்து தெற்கே கிளிவெட்டி ஊடாகச் செல்லும் வீதியை அறியாதவர் எமது பிரதேசத்தில் இல்லை. வயல் வெளிகளுக்கு நடுவே செல்லும் இந்தப் பிரதேசத்தின் வீதிகள் பல துயரப் பயணங்களைக் கண்டுள்ளன. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மூதூரில் போர் மூண்டபோது, பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் வீடு வாசல்களை விட்டுக் கந்தளாயை நோக்கிப் புறப்பட்டார்கள். இடுப்பில் குழந்தையும், கைத்தாங்கலாக முதியவரும் இருக்க, எஞ்சிய கையில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் அன்றைய சொத்து. அலுமாரியும் கட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டியும் யாருடனும் வரவில்லை.

அதே 2006 ஆம் ஆண்டில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த எமது தமிழ்ச் சகோதரர்கள் பின்னர் இதே கிளிவெட்டியின் இடைத்தங்கல் முகாமில் பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது. இவற்றுக்கு முன்னர், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்து மூதூரையும் கிண்ணியாவையும் தாக்கிய காலையில், ஓடித் தப்பியோர் எதையும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. அதற்கும் முன்னர், 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே.

எனவே, சுமையின்றிப் பயணம் செய்வது என்பது எமது மக்கள் ஏட்டில் படித்த பாடமன்று. கால்களால் நடந்து கற்ற பாடமாகும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். பறிக்கப்படுவது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. வறுமை வேறு, எளிமை வேறு. இடம்பெயர்ந்தவனின் வெறுங்கையை எளிமை என்று புகழ்வது அவனுக்குச் செய்யும் அநியாயம் ஆகும். மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் என்ற சிறுமியை நினைத்துப் பாருங்கள். 2005 ஆம் ஆண்டில், 17 வயதில், கடவுச்சீட்டில் வயது கூட்டிக் காட்டப்பட்டு, சவூதி அரேபியாவுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அவர் சென்றார். அவரது பொறுப்பிலிருந்த குழந்தை இறந்ததன் பேரில் குற்றம் சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தச் சிறுமியைக் கடல் கடந்து அனுப்பியது வறுமை. வறுமையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். ஆகவே, வறுமையை எவருக்கும் உபதேசிக்க நாம் இங்கு வரவில்லை. இருப்பவர், தாமே அறிந்து, தாமே விரும்பித் தமது சுமையைக் குறைத்துக்கொள்வதற்கே எளிமை என்று பெயர்.

அத்தகைய எளிமையின் முன்மாதிரி யார்? ஒரு முறை உமர் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் நுழைந்தார்கள். அண்ணலார் வெறும் பாயில் படுத்திருந்தார்கள். பாயின் கோடுகள் அவர்களது விலாவில் பதிந்திருந்தன. அறையில் குறிப்பிடத்தக்க பொருள் ஏதும் இல்லை. உமர் (ரழி) அவர்கள் அழுதார்கள். பாரசீகத்தின் கிஸ்ராவும் ரோமாபுரியின் கைஸரும் சுகபோகத்தில் திளைக்க, அல்லாஹ்வின் தூதர் இவ்வாறு இருப்பதா என்று அவர்கள் மனம் பொறுக்கவில்லை. அவர்களுக்கு இம்மையும் நமக்கு மறுமையும் என்பதில் உமக்குத் திருப்தியில்லையா என்ற கருத்தில் அண்ணலார் ஆறுதல் கூறினார்கள். இந்த உலகில் தமது நிலை, மர நிழலில் சற்று ஓய்ந்துவிட்டுப் பின் அதை விட்டுச் செல்லும் ஒரு பயணியின் நிலையே என்றும் மற்றொரு சந்தர்ப்பத்தில் அவர்கள் விளக்கியுள்ளார்கள்.

இளைஞர்களே! இதனைக் கேட்டு, “அப்படியானால் கையில் எதுவுமின்றித் திரிவதே சிறந்தது” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதற்கும் மார்க்கம் ஓர் எல்லையை வகுத்துள்ளது. யமன் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த சிலர், கட்டுச்சாதம் ஏதும் எடுத்து வராமல், “நாங்கள் அல்லாஹ்வையே நம்பி வருகின்றோம்” என்று பெருமையாகச் சொல்வார்கள். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். இவர்கள் விடயத்திலேயே ஸூரதுல் பகராவின் 197 ஆவது வசனம் இறங்கியது என இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். பயணத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுமாறு அந்த வசனம் கட்டளையிட்டு, இறையச்சமே சாதனங்களில் சிறந்தது என்று உணர்த்துகின்றது.

சிந்தித்துப் பாருங்கள். அந்த யமன் வாசிகளின் மூட்டை சிறியதாகத்தான் இருந்தது. ஆயினும் மார்க்கம் அதை எளிமை என்று ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன்? அவர்கள் இறக்கி வைத்த சுமையை மக்காவாசிகள் தூக்க வேண்டியிருந்தது. இதிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. எளிமை என்பது மூட்டையின் கனத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று. நமது மூட்டையை யார் சுமக்கின்றார் என்பதையும் பார்க்க வேண்டும். நான் வசதியாக வாழ, அந்த வசதியின் பாரம் வேறொருவரின் தோளில் இருக்குமானால், என் கைகள் வெறுமையாயிருப்பதில் என்ன சிறப்பு இருக்கின்றது?

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நமது வீடுகளுக்கு வருவோம்.

கிழக்கிலங்கையில் பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்தே தந்தையின் கணக்கு ஆரம்பமாகிவிடுகின்றது. பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும். இரண்டு பெண்பிள்ளைகள் என்றால் இரண்டு வீடுகள். மூன்று என்றால் மூன்று. அத்துடன் தளபாடம், நகை, மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள், சில இடங்களில் ரொக்கமும்கூட. வயலை விற்றும், ஈடு வைத்தும், தவணைக் கடன் வாங்கியும் தந்தை சுவர் எழுப்புகின்றார். அதுவும் போதாதபோது வாப்பா கட்டாருக்குச் செல்கின்றார். உம்மா குவைத்துக்குச் செல்கின்றார். பிள்ளைகள் மூத்தம்மாவிடம் வளர்கின்றார்கள். தாயின் முகத்தைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்து வளரும் குழந்தைகள் நமது ஊர்களில் இல்லையா? மூத்தவளுக்கு வீடு எழும்பும்வரை தாம் மணமுடிக்காமல் உழைக்கும் சகோதரர்கள் இல்லையா?

இப்போது அந்த வீட்டில் குடிபுகும் மாப்பிள்ளையைப் பாருங்கள். அவர் ஒரு சிறிய பையில் நான்கு உடுப்புகளை எடுத்துக்கொண்டு வருகின்றார். அவரைப் போல் இலேசாகப் பயணம் செய்பவர் எவருமில்லை! ஆனால் அவரது சுமையை ஒரு குடும்பமே இருபது வருடங்களாகச் சுமந்துகொண்டிருக்கின்றது. ஹஜ்ஜுக்கு வந்த அந்த யமன் வாசிகளுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு?

பெற்றோர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றார்கள். “வீடு பெண்ணின் பெயரில் இருக்கின்றது. நாளை கணவன் கைவிட்டாலும், அவன் மௌத்தானாலும், என் பிள்ளை தெருவில் நிற்கமாட்டாள்” என்கின்றார்கள். இதில் நியாயம் உண்டு. போரில் கணவரை இழந்த எத்தனையோ பெண்களுக்குத் தாய்வீட்டாரின் அந்த நான்கு சுவர்களே கடைசிப் புகலிடமாயின. ஆகவே, மகளுக்கு மனமுவந்து வழங்கும் அன்பளிப்பை நாம் குறை கூறவில்லை. தந்தை தமது சக்திக்கு உட்பட்டு, மற்றப் பிள்ளைகளின் பங்கில் கை வைக்காமல், கடன்படாமல் கொடுப்பது அன்பளிப்பு. “அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மாடி கட்டிக் கொடுத்தார்களே, எங்களுக்கு என்ன?” என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவது அன்பளிப்பன்று. அது விலையாகும். இரண்டு அறைகள் கொண்ட வீடும் ஒரு பெண்ணைக் காக்கும். இரண்டாவது மாடி எந்தப் பெண்ணையும் கூடுதலாகக் காப்பதில்லை. மிச்சச் சுவரைக் கட்டி முடிக்க மாப்பிள்ளைக்கும் இரண்டு கைகள் உண்டல்லவா?

மார்க்கத்தின் ஏற்பாடு இதற்கு நேர்மாறானது. மணமகளுக்கு மஹரை மனமுவந்து கொடுக்குமாறு ஸூரதுன் நிஸாவின் 4 ஆவது வசனம் ஆண்களுக்குக் கட்டளையிடுகின்றது. அலி (ரழி) அவர்கள் தமது போர்க் கவசத்தை மஹராகக் கொடுத்து அண்ணலாரின் அருமை மகள் ஃபாத்திமா (ரழி) அவர்களை மணந்தார்கள். அந்தப் புது வீட்டுக்குச் சென்ற பொருட்கள் எவை தெரியுமா? ஒரு போர்வை, தண்ணீர் வைக்கும் தோற்பை, மணப்புல் நிரப்பிய தலையணை ஆகியவற்றை வரலாறு பதிவு செய்துள்ளது. சுவனத்துப் பெண்களின் தலைவிக்கு அது போதுமாயிருந்தது.

நாட்டின் சட்டமும் இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. மணமகளின் சார்பில் மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படும் பணத்தைக் கைக்கூலி என்று 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறிப்பிடுகின்றது. அதனைத் திருப்பிக் கோரிப் பெறும் உரிமையை அச்சட்டம் மனைவிக்கு அளித்துள்ளது. அதாவது, மாப்பிள்ளையின் கையில் இருந்தாலும் அது அவருடைய பணமன்று. இதனை அறியாமலேயே எத்தனையோ பேர் அந்தப் பணத்தில் வியாபாரம் செய்து, தமது உழைப்பு என்று பெருமை பேசுகின்றார்கள்.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு நபித்தோழரை அறிமுகப்படுத்துகின்றேன். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் மக்காவில் வசதியாக வாழ்ந்தவர். அனைத்தையும் விட்டு ஹிஜ்ரத் செய்து மதீனாவை அடைந்தார். அவருடன் சகோதரராக இணைக்கப்பட்ட ஸஃது இப்னு ரபீஉ (ரழி) அவர்கள் தமது செல்வத்தில் சரிபாதியைத் தருவதாக மனப்பூர்வமாகக் கூறினார்கள். அகதியாக வந்தவருக்கு அதை ஏற்றுக்கொள்வதில் குற்றமேதும் இல்லை. ஆயினும் அவர் அந்தக் குடும்பத்தின் பரக்கத்துக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழிகாட்டுமாறு மட்டும் கேட்டுக்கொண்டார்கள். வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் விற்று உழைத்தார்கள். சிறிது காலத்தில், ஒரு பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கத்தை மஹராகக் கொடுத்துத் திருமணமும் செய்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்குமாறு அண்ணலார் அவருக்கு அறிவுறுத்தினார்கள். பிற்காலத்தில் அவர் பெரும் செல்வந்தரானார். செல்வம் தேடுவதை இஸ்லாம் தடுக்கவில்லை என்பதற்கு அவர் சான்று. அந்தச் செல்வத்தை அவர் தமது கைகளால் தேடிக்கொண்டார். வேறொருவரின் முதுகில் ஏறிப் பெறவில்லை.

அடுத்து விருந்தைக் கவனிப்போம். ஸஃபிய்யா (ரழி) அவர்களை மணந்தபோது நபி (ஸல்) அவர்கள் கொடுத்த வலீமாவில் ரொட்டியோ இறைச்சியோ இருக்கவில்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன. செல்வந்தர்கள் மட்டும் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவை உணவுகளில் கெட்டது என்று அவர்கள் எச்சரித்தும் உள்ளார்கள். 2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுக் காலத்தில் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டோமா? மண்டபங்கள் மூடப்பட்டிருந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் வீட்டு விறாந்தையில் கூடி நிக்காஹ் நடந்தேறியது. அந்தத் திருமணங்களில் ஏதேனும் ஒன்று செல்லாமற் போயிற்றா? மண்டபமும் மேடை அலங்காரமும் இல்லாமலே கணவனும் மனைவியும் ஆனார்கள். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எரிவாயு இல்லாமல் விறகடுப்பு மூட்டினோம். எரிபொருள் இல்லாமல் சைக்கிள் மிதித்தோம். எவையெல்லாம் இன்றியமையாதவை என்று நினைத்திருந்தோமோ, அவற்றுள் பல இல்லாமலும் வாழ முடியும் என்று கண்டோம். கண்டதை எவ்வளவு விரைவில் மறந்துவிட்டோம்!

ஆடம்பரத்தின் பின்னால் கடன் நிற்கின்றது. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து அதிகம் பாதுகாப்புத் தேடுவார்கள். காரணம் வினவப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்லவும், வாக்களித்தால் மாறு செய்யவும் நேரிடுகின்றது என விளக்கினார்கள். கடனோடு மரணித்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தாம் தொழுகை நடத்தாமல் தயங்கி, அபூ கதாதா (ரழி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். ஒரு நாள் விருந்துக்காக ஐந்து வருடத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்வோர் இதனைச் சிந்திக்க வேண்டாமா?

அவ்வாறாயின், பிள்ளைகளுக்கு நாம் எதைத்தான் சேர்த்து வைப்பது? இந்த வினாவுக்கு இலங்கைக்கு வந்த ஒரு பயணியின் வாழ்க்கையிலிருந்து விடை தேடலாம். மொரோக்கோ நாட்டவரான இப்னு பதூதா 1344 ஆம் ஆண்டில் புத்தளம் கரையில் வந்திறங்கி, யாழ்ப்பாண மன்னரான ஆரியச் சக்கரவர்த்தியின் உபசரிப்பைப் பெற்றார். பாவா ஆதம் மலைக்கும் சென்றார். மன்னர் முத்துக்களும் மாணிக்கங்களும் அளித்தார். பின்னர், மலபார்க் கரையோரக் கடலில் பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளையர்கள் அவரது பொருட்கள் அனைத்தையும் பறித்துக்கொண்டார்கள். மாணிக்கங்கள் போயின, உடுப்புகளும் போயின. காற்சட்டையைத் தவிர அவர் உடலில் ஏதும் எஞ்சவில்லை. அந்த நிலையில் கோழிக்கோட்டுக்கு வந்து, பள்ளிவாசலில் தங்கி, மீண்டும் பயணத்தைத் தொடர்ந்தார். சட்டம் கற்ற அறிஞர் என்பதால் சென்ற இடமெல்லாம் அவருக்கு மதிப்பிருந்தது. தாயகம் திரும்பி, 1350களில் நினைவிலிருந்தே தமது பயணங்களைச் சொல்லி எழுதுவித்தார். கொள்ளையர் எடுத்துச் சென்ற மாணிக்கம் எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியாது. அவர்கள் எடுக்க முடியாத கல்வியும் அனுபவமும் இன்றும் உலகில் வாசிக்கப்படுகின்றன.

பெற்றோர்களே! 2004 இலும் 2006 இலும் நமக்கு நேர்ந்ததும் அதுவே. வீட்டில் இருந்தது போயிற்று. உள்ளத்தில் இருந்தது எஞ்சியது. மேசன் தொழில் தெரிந்தவர் முகாமில் இருந்தபடியே கூலி வேலை தேடிக்கொண்டார். தையல் தெரிந்த பெண் எங்கு சென்றாலும் தைத்தார். ஹாபிழின் நெஞ்சிலிருந்த குர்ஆனை எந்த அலையாலும் கொண்டுசெல்ல இயலவில்லை. ஆகவே, மகளுக்கு இரண்டாவது மாடி கட்ட வைத்திருக்கும் பணத்தில் அவளது கல்வியையும் கைத்தொழிலையும் கட்டியெழுப்புங்கள். அந்தச் சொத்து பாரமில்லாதது; எந்த வீதியில் நடக்க நேர்ந்தாலும் கூடவே வரும்.

இறுதியாக, நாம் செய்யத்தக்க சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன்.

எந்தப் பொருளையும் வாங்குமுன், “இதன் பாரத்தை யார் சுமக்கப்போகின்றார்?” என்று ஒரு கணம் உங்களையே கேளுங்கள். திருமண வயதிலுள்ள வாலிபரே! பெண் பார்க்கச் செல்லும் முன்பே, “நாங்கள் எதையும் கேட்கமாட்டோம், வாப்பாவும் உம்மாவும் கேட்கவும் கூடாது” என்று வீட்டில் பணிவோடும் உறுதியோடும் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் பேசட்டும் என்று நீங்கள் மௌனமாக இருந்தால், அந்த மௌனமும் ஒரு கோரிக்கையே ஆகும். பள்ளிவாசல் நிருவாகிகளே! எளிய நிக்காஹ் நடத்தும் ஏழையை மட்டுமல்ல, எளிய நிக்காஹ் நடத்தும் வசதி படைத்தவரையும் மிம்பரில் பாராட்டுங்கள். ஏனெனில், இருப்பவர் குறைத்துக்கொண்டால்தான் இல்லாதவர் வெட்கப்படாமல் வாழ முடியும். தாய்மார்களே! றமழானுக்கு முன்னர் அலுமாரியைத் திறந்து, ஒரு வருடமாக உடுக்காத நல்ல உடுப்புகளை எடுத்துக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுப்பது அப்புறப்படுத்தலே. விரும்புவதிலிருந்து கொடுக்கும்வரை நன்மையை அடைய முடியாது என்பதே ஸூரா ஆல இம்ரானின் 92 ஆவது வசனம் தரும் போதனை.

ஹஜ்ஜுக்குச் செல்லும் ஹாஜியைப் பாருங்கள். செல்வந்தரும் ஏழையும் தையலில்லாத அதே இரண்டு துண்டுத் துணிகளில் நிற்கின்றார்கள். அந்த உடையில் எவருடைய மாடி வீடும் தெரிவதில்லை. ஒரு நாள் நமக்கும் மூன்று துண்டுக் கபன் துணி அணிவிக்கப்படும். ஜனாஸாவைப் பின்தொடர்ந்து மூன்று செல்கின்றன என்றும், குடும்பமும் செல்வமும் திரும்பிவிட, அமல் மட்டுமே உடன் தங்கும் என்றும் அண்ணலார் கூறியுள்ளார்கள். அந்தப் பயணத்தில் நாம் பிறர் தோளில் ஏற்றிய சுமைகள் அனைத்தும் நமது தோளுக்கே திரும்பி வரும். அந்த நாளுக்கு முன்னரே அவற்றை இறக்கி வைப்போமாக.

யா அல்லாஹ்! எங்கள் தேவைகளைக் குறைத்து, எங்கள் உள்ளங்களைச் செல்வமாக்குவாயாக! எங்கள் இளைஞர்களுக்குக் கொடுக்கும் கைகளைத் தருவாயாக! பெண்மக்களைப் பெற்ற தந்தையரின் பாரத்தை இலேசாக்குவாயாக! பிழைப்புக்காகக் கடல் கடந்து வாழும் தாய்மாரைத் தம் பிள்ளைகளிடம் நலமே கொண்டு சேர்ப்பாயாக! இந்த மண்ணில் மீண்டும் எவரும் வீடிழந்து வீதியில் நடக்காதவாறு, எல்லா இன மக்களையும் சமாதானத்தோடு வாழச் செய்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.